மூக்கு வழி முற்றுகை!

கோட்டைக்கு அகழி உண்டு, மதில் உண்டு, மதில்மேல் காவல் உண்டு. அத்தனையும் இருந்தும், கொல்லைப்புறத்திலே ஒரு சின்னஞ்சிறு திட்டிவாசல் திறந்தே கிடந்தால்? மண்டையோடு என்னும் மதிலுக்குள்ளே கொலுவிருக்கும் மூளைக்கு அப்படி ஒரு வாசல் இருக்கிறது. மூக்குதான் அது!

மிகைப்படுத்துகிறோம் என்று எண்ண வேண்டாம். மூக்கின் உட்கூரையிலே தபால் தலை அளவில் ஒரு சவ்வு. மணம் உணரும் நரம்பணுக்கள் குடியிருப்பது அங்கேதான். ஒவ்வோர் அணுவும் ஒரு நுனியை நாம் இழுக்கும் காற்றுக்கு நீட்டி வைத்திருக்கிறது. மறு நுனியோ, சல்லடைபோல் துளைபட்ட மெல்லிய எலும்பின் வழியே மேலேறி, மூளையின் அடிப்புறத்து நுகர்ச்சிக் குமிழைத் தொட்டு நிற்கிறது. தெருப் புழுதிக்கும் மூளைக்கும் இடையே ஒரே ஓர் அணு! சில இன்புளூயன்சா வைரஸ்கள் இந்த நரம்பைப் பற்றிக்கொண்டே மூளைக்கு ஏறியதை ஆய்வுக்கூட எலிகளிலே கண்டிருக்கிறார்கள். ஆனால் வந்ததெல்லாம் உள்ளே போய்விடுவதில்லை. சளி மறிக்கிறது, தாக்குண்ட அணு தன்னை மாய்த்துக்கொண்டு வழியை அடைக்கிறது, அதன் இடத்திலே புதிய அணு முளைக்கிறது.

2020இல் கொரோனா வந்தது. வீட்டுக்கு வீடு மணம் போயிற்று. “மூளைக்குள் புகுந்துவிட்டது” என்று அலறியது ஒரு கூட்டம். “மணந்தானே போயிற்று, உயிரா போயிற்று?” என்று சிரித்தது இன்னொரு கூட்டம். இரு சாராரும் பொறுமையாகக் கேட்கட்டும்.

அந்த வைரஸ் முதலில் பற்றுவது நரம்பணுவை அல்ல, அதைத் தாங்கி நிற்கும் துணையணுக்களை என்று 2020இலும் 2021இலும் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. பந்தற்காலைச் சாய்த்தால் பந்தல் நிற்குமா? மணம் போனது அப்படித்தான். அதே வேளை, இறந்தோரின் உடலைச் சோதித்த பெர்லின் மருத்துவர்கள், மூக்கின் மேற்சவ்விலும் சிலருடைய மூளையிலும் வைரஸின் தடயம் கண்டனர். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2022இல் 785 பேரின் மூளைப் படங்களை ஒப்பிட்டனர். 401 பேர் நோய் கண்டவர்கள். மணத்தோடு தொடர்புள்ள பகுதிகள் அவர்களுக்குச் சற்று அதிகமாக மெலிந்திருந்தன. வைரஸே நேரில் போய்ச் செய்ததா, அழற்சியின் விளைவா, மணம் வராமற்போனதால் வேலையிழந்த பகுதி வாடிற்றா என்று அவர்களே தீர்ப்புக் கூறவில்லை. வாசல் உண்டு என்பதாலேயே வந்தவன் அவ்வழியேதான் வந்தான் என்று தீர்ப்பெழுதலாமா?

எழுதினார்கள், ஒருமுறை! இளம்பிள்ளைவாதம் மேல்நாடுகளை ஆட்டிப்படைத்த 1930களில், குரங்கின் மூக்கிலே அந்த வைரஸை விட்டால் நோய் காண்கிறது என்று கண்டனர். குரங்குக்கு மூக்கு என்றால் குழந்தைக்கும் மூக்குத்தானே என்றனர். 1937இல் கனடாவின் டொரண்டோ நகரிலே ஏறத்தாழ 5,000 குழந்தைகளின் மூக்கில், வாசலை அடைக்கிறோம் என்று துத்தநாக சல்பேட்டைப் பீய்ச்சினார்கள். நோய் நின்றதா? இல்லை. குழந்தைகள் சிலருக்கு மணம் அறியும் உணர்வே போயிற்று! 1941இல் ஆல்பர்ட் சேபின், இறந்தோரின் உடலைச் சோதித்து, வைரஸ் இருப்பது குடலில், நுகர்ச்சிக் குமிழில் அல்ல என்றார். பின்னாளில் வாயிலே விடும் சொட்டு மருந்தைத் தந்தாரே, அவரேதான். வாய்வழி வந்த பகைக்கு மூக்கிலே போர் தொடுத்திருக்கிறார்கள், பாவம்.

பாடம் நிலைத்ததா? சளிக்கென்று மூக்கில் இடும் துத்தநாக மருந்தை நிறுத்துங்கள், மணம் போகிறது என்று அமெரிக்க அரசு 2009இல் எச்சரிக்க வேண்டி வந்தது. மூக்கிலே எலுமிச்சைச் சாறு விடு, கொரோனா ஓடும் என்று 2021இல் நம் நாட்டிலேயே பேச்சுப் பரவிற்று. தாளிப்புக்கு வேண்டியது தலைக்குள் ஏறினால் என்னாகும் என்று சொன்னவர் யோசித்தாரா?

எலுமிச்சைக்கு வேறு வேலை உண்டு. ரோஜா, தைலமரம், எலுமிச்சை, கிராம்பு என நான்கு மணங்களைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகினால், இழந்த உணர்வு பலருக்கு ஓரளவு மீள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர்கள் 2009இல் காட்டினர். 12 வாரப் பயிற்சி. ஊசியில்லை, கத்தியில்லை.

மணம் போவதை அற்பம் என்போர் சமையற்காரரைக் கேட்கட்டும். தேயிலை ருசி பார்ப்போரை, பூக்கடைக்காரரைக் கேட்கட்டும். சமையல் வாயுவுக்கு இயல்பிலே மணமில்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றம் கலந்து விடுகிறார்கள். அந்த நாற்றம் தெரியாத தாய், இருட்டிலே அடுப்படிக்குள் நுழைந்து விளக்கைப் போடுகிறாளே, அது அற்பமா?

ஆகவே கேட்கிறோம்: சளி, காய்ச்சல் என்று வருவோரிடம், “மணம் தெரிகிறதா?” என்ற ஒரு கேள்வியை அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் கேட்கட்டும். தெரியவில்லை என்போர் பெயரைக் குறித்துவைத்து, மூன்று மாதங் கழித்து மீண்டும் கேட்கட்டும். மேசைமீது அந்த நான்கு சீசாக்களையும் வைக்கட்டும். கிராம்புக்கும் எலுமிச்சைக்கும் கஜானாவிலே காசில்லை என்று எந்த அமைச்சரும் சொல்லமாட்டார்!