மெய்நிகர் கணக்கு எந்த மெய்க்கு நிகர்?

‘வெர்ச்சுவல்’ என்பதற்கு ‘மெய்நிகர்’ என்னும் கலைச்சொல் தமிழில் நிலைபெற்றுவிட்டது. மெய்க்கு நிகரானது என்பது அதன் நேர்ப்பொருள். வேறு துறைகளில் தீங்கற்ற இச்சொல், பங்குச் சந்தைப் பயிற்சிக் கணக்குக்கு அடைமொழியாகும்போது ஒரு பொய்யைச் சொல்கிறது. போலிப் பணத்தில் பங்கு வாங்கி விற்கும் போட்டிகளைக் கலைவிழாக்களில் நடத்தும் கல்லூரிகள் அப்பொய்க்குத் தம் பெயரையும் இரவல் தருகின்றன.

மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடலும்தான். பயிற்சிக் கணக்கு இரண்டுக்கும் நிகரன்று.

முதலில் உண்மை. பயிற்சிக் கணக்கில் இடும் ஆணை சந்தைக்குச் செல்வதே இல்லை. திரையில் தெரியும் கடைசி விலைக்கே வாங்கியதாகச் செயலி எழுதிக்கொள்கிறது. அசல் சந்தையில் வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் இடைவெளி உண்டு. அதற்கு மேல் தரகு, பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி, முத்திரைத் தீர்வை. 2023-24இல் முன்பேர வணிகத்தில் (எஃப் அண்ட் ஓ) தனிநபர் ஒருவர் இத்தகைய செலவுகளுக்கு மட்டும் சராசரியாக 26,000 ரூபாய் கொடுத்தார் என்கிறது செபியின் ஆய்வு. 2021-22 முதல் மூன்றாண்டுகளில் அவ்வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர்; ஆளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய்.

அடுத்து உடல். செயலி தொடக்கத்திலேயே லட்சங்களை அள்ளித் தருகிறது. தீர்ந்தால் ‘ரீசெட்’ பொத்தான் இருக்கிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகையோ மாதம் 37,000 ரூபாய்; அதுவும் பலருக்குக் காலந்தவறியே வருகிறது. அதிலிருந்து 10,000 போனால் விடுதிக் கட்டணம் நிற்கும், வீட்டுக்கு அனுப்பும் பணம் குறையும், உறக்கம் கெடும். இழந்ததை இன்றே மீட்க வேண்டும் என்ற பதற்றம் அங்கேதான் பிறக்கிறது. வணிகரை வீழ்த்துவது பெரும்பாலும் அந்தப் பதற்றமே. பயிற்சிக் கணக்கு கற்றுத்தராத ஒரே பாடமும் அதுவே. மாறாக, இழப்புக்கு விலையில்லை என்ற எதிர்ப்பாடத்தை அது நாள்தோறும் மனத்தில் பதிக்கிறது.

விமானிகள் பாவனைக் கருவியில் பழகுவதில்லையா என்று கேட்கப்படுகிறது. அக்கருவி, இயந்திரம் பழுதாகும் தருணத்துக்கே விமானியைப் பழக்குகிறது. அருகில் பயிற்றுநர் இருக்கிறார். மேலும், வானம் விமானியின் பணத்துக்குப் போட்டியிடுவதில்லை. சந்தையில் எதிர்ப்பக்கம் ஒருவர் இருக்கிறார். 2023-24இல் முன்பேர வணிகத்தில் நிறுவனத் தரகர்கள் சொந்தக் கணக்கில் சுமார் 33,000 கோடியும் அந்நிய முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் மொத்த இலாபம் ஈட்டினர். அதில் மிகப் பெரும்பகுதி கணினி நிரல்கள் ஈட்டியது. அந்த எதிராளி பயிற்சிக் கணக்குக்குள் இல்லை.

கல்லூரிப் போட்டிகளின் குற்றம் இன்னும் கனமானது. சில மணி நேரத்தில் அல்லது ஒரு வாரத்தில் அதிக இலாபம் காட்டியவருக்குப் பரிசு. நூறு பேர் கண்மூடித்தனமாகப் பந்தயம் கட்டினால் யாரோ ஒருவர் முதலிடம் வந்தே தீருவார். அந்தத் தற்செயலுக்குத் திறமை என்று பெயரிட்டுச் சான்றிதழும் வழங்கினால், அவர் அடுத்த மாதம் அசல் கணக்குத் தொடங்குவதில் வியப்பென்ன? முன்பேர வணிகத்தில் 30 வயதுக்குட்பட்டோரின் பங்கு 2022-23இல் 31 விழுக்காடு. அடுத்த ஆண்டே 43. பதிவு பெறாத தளங்கள் பங்கு விலைகளைக் கொண்டு நடத்தும் மெய்நிகர் வணிகமும் கற்பனை விளையாட்டுகளும் சட்டத்துக்கு முரணானவை என்று 2024 நவம்பரில் செபியே எச்சரித்தது. கல்விக்கூடங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பயிற்சிக் கணக்கைத் தடை செய்ய வேண்டியதில்லை, நேர்மையாக்கினால் போதும். தொடக்கத் தொகை ஒரு மாத உதவித்தொகையைத் தாண்டக்கூடாது. ‘ரீசெட்’ கூடாது. எல்லாக் கட்டணங்களும் கழிக்கப்பட வேண்டும். இலாபத்துக்குப் பரிசு கூடாது. ஒவ்வொரு வணிகத்துக்கும் முன்கூட்டி எழுதிய காரணத்துக்கே மதிப்பெண். முதல் பக்கத்தில் அந்த 93 விழுக்காடு அச்சிடப்பட வேண்டும். இவ்வளவும் செய்ய இயலாத துறைகள் ‘மெய்நிகர்’ என்ற சொல்லையாவது விட்டுவிட்டுப் ‘பாவனைக் கணக்கு’ என்று எழுதட்டும். மாணவர்கள் குறைந்தது ஒரு சொல்லாவது உண்மையாகக் கற்பார்கள்.