தூங்கத் தெரிஞ்ச ரேடியோவும் அப்பாவோட பிபி மெஷினும்

டிஸ்கி: கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் புலம்பல். மொக்கைப் பதிவு தேடி வந்தவங்க அடுத்த வாரம் வாங்க :-)

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு ஒரு பிபி மெஷின் வாங்கிக் கொடுத்தேன். பட்டையைக் கையில சுத்திட்டு பட்டனை அமுக்கினா, அளவு ப்ளூடூத் வழியா போனுக்குப் போயிடும். அப்பாவும் தினம் காலையில ஒழுங்கா பார்த்துட்டு வந்தார். போன மாசம் டாக்டர், "மூணு மாச ரீடிங் காட்டுங்க, மாத்திரையைக் குறைக்கலாமான்னு பார்ப்போம்"னு கேட்டார். ஆப்பைத் திறந்தா லாகினே ஆகலை. கம்பெனி அந்தச் சேவையை நிறுத்திட்டாங்களாம். ரீடிங் எல்லாம் அவங்க சர்வர்ல. போச்சு.

"மெஷின் நல்லாத்தானல ஓடுது, பொறவு என்ன?"ன்னு அப்பா கேட்டார். அவர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. ஏன்னா மெஷினும் போனும் ஒரே மேசை மேல ஒரு முழ தூரத்துல இருக்கு. நடுவுல யாரோ ஒருத்தரோட சர்வர் எதுக்கு?

இந்த குறைமின் ப்ளூடூத் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா அந்தக் கேள்வி இன்னும் உறுத்தும். 2001 வாக்குல நோக்கியாக்காரங்க ஆரம்பிச்ச ஆராய்ச்சி இது. 2006-ல வைப்ரீன்னு பேர் வச்சு அறிவிச்சாங்க. அப்புறம் 2010-ல ப்ளூடூத் 4.0-ல சேர்ந்துச்சு. பேரு மட்டும்தான் பழைய ப்ளூடூத், உள்ளே ஆள் வேற.

ரேடியோ பலவீனமா இருக்கறதாலதான் கரண்ட் கம்மியா செலவாகுதுன்னு ரொம்ப பேர் நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். உண்மையான ரகசியம் தூக்கம். சட்டைப் பட்டன் சைஸ்ல இருக்கற சிஆர்2032 பேட்டரியை எடுத்துக்கோங்க. சுமார் 220 மில்லி ஆம்பியர்-அவர். ரேடியோ விடாம 10 மில்லி ஆம்பியர் இழுத்தா 22 மணி நேரத்துல காலி. ஆனா கண நேரம் முழிச்சுப் பேசிட்டு மறுபடி தூங்கி, சராசரியை 10 மைக்ரோ ஆம்பியருக்குக் கொண்டு வந்துட்டா, அதே பேட்டரி கணக்குப்படி ரெண்டரை வருஷம் வரும். அந்தக் "கண நேரம்" எவ்வளவுன்னு கேட்டீங்கன்னா, 31 பைட் சேதியோட ஒரு அறிவிப்பு பாக்கெட் காத்துல இருக்கறது 376 மைக்ரோ செகண்ட். கண் சிமிட்டுறதுக்குள்ள நூறு தடவைக்கு மேல சொல்லி முடிச்சிடலாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ரேடியோவுல பேசுறதை விட காத்துக்கிட்டு இருக்கறதுதான் செலவு. எதிராளி எப்ப பேசுவான்னு தெரியாம காதைத் தீட்டிக்கிட்டே உட்காரணும்ல? அதனால வேலையைப் பிரிச்சிட்டாங்க. சின்ன கருவி "நான் இங்க இருக்கேன்"னு கூவிட்டுத் தூங்கிடும். காது கொடுக்கற வேலை, தினமும் சார்ஜ் போடற போனுக்கு. கூவுறதுக்குன்னு மூணு சேனல் தனியா உண்டு. பொதுவா வைஃபை உட்கார்ற 1, 6, 11-ல மாட்டாம சந்து பார்த்து வச்சிருக்காங்க. ரெண்டு கருவி ஒரே நேரத்துல கூவினா? ஒவ்வொரு தடவையும் 10 மில்லி செகண்ட் வரைக்கும் இஷ்டத்துக்குத் தாமதம் சேர்த்துக்கும். அதனால ஒரு தடவை முட்டினவங்க மறுபடி மறுபடி முட்டிக்கிட்டே இருக்க மாட்டாங்க. நம்ம ஊர் ஷேர் ஆட்டோக்காரங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம் :-)

சரி, பிபி மெஷினுக்கு வருவோம். (அதுல பேட்டரியைத் தின்னுறது காத்தடிக்கற மோட்டார்தான். ரேடியோ செலவு கொசுறு.) கருவியும் போனும் இணைஞ்ச பிறகு எந்த மொழியில பேசணும்ங்கறதுக்கும் பொது விதி இருக்கு. என்னென்ன சேவை இருக்குன்னு கருவி ஒரு பட்டியல் நீட்டும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண். ரத்த அழுத்தத்துக்கு 1810. சர்க்கரைக்கு 1808. காய்ச்சலுக்கு 1809. 2011-லேயே பிபிக்கு எழுதி வச்சாச்சு. மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு, தேதி நேரம் எல்லாம் சேர்த்தே ஒரு ரீடிங் அதிகபட்சம் 19 பைட். இந்த விதியை மதிச்சா எந்தக் கம்பெனி மெஷினும் எந்த ஆப்போடவும் பேசும்.

என்ஆர்எஃப் கனெக்ட்னு ஒரு இலவச ஆப் இருக்கு. அதை வச்சு அப்பா மெஷினைத் திறந்து பார்த்தேன். 1810 இல்லை. அதுக்குப் பதிலா அவங்களே உருவாக்கின நீளமான ஒரு எண். அதுக்குள்ள என்ன வருதுன்னு அவங்க ஆப்புக்கு மட்டும்தான் புரியும். ஊரே பேசற மொழி இருக்கும்போது இவங்க மட்டும் தனி பாஷை பேசியிருக்காங்க. "பாதுகாப்புக்காக"ன்னு சிலர் சப்பைக்கட்டு கட்டுவாங்க. அது ஒத்து வராது. 1810 வழியா பேசினாலும் ஜோடி சேர்த்து என்கிரிப்ட் பண்ணலாம், அதுக்கும் விதி இருக்கு. சொந்தமா புதுசா ஏதாவது சேர்க்கணும்னா தனி எண் வச்சுக்கட்டும், வேண்டாங்கலை. ஆனா அடிப்படை அளவை பொது எண்ல கொடுக்காத மருத்துவக் கருவியை விக்கவே விடக்கூடாதுங்கறது என் கட்சி. விளக்கு கலர் மாத்தற பல்பு ஊமையாப் போனா போகட்டும். இது ஒரு மனுஷனோட மாத்திரைக் கணக்கு.

டாக்டர் மாத்திரையைக் குறைக்கலை. "ரீடிங் இல்லாம ரிஸ்க் எடுக்க வேணாம், இன்னும் மூணு மாசம் பார்ப்போம்"னுட்டார். அந்த மாத்திரை சாப்பிட்டா அப்பாவுக்குக் கால் வீங்குது. அந்த வீக்கத்தோட இன்னும் மூணு மாசம்.

போன ஞாயித்துக்கிழமை புது மெஷின் வாங்கப் போனேன். கடையில ஒவ்வொண்ணா ஆன் பண்ணச் சொல்லி, போன்ல ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன். கடைக்காரர், "என்ன சார், வெடிகுண்டு தேடறீங்களா?"ன்னார். நாலாவது மெஷின்ல 1810 வந்துச்சு. வாங்கிட்டேன்.

அப்பா அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். இப்பல்லாம் பட்டையைக் கழட்டினதும் முதல் வேலையா பால் கணக்கு நோட்டோட பின்பக்கத்துல பேனாவால 138/86-னு எழுதி வச்சிடறார். அதுக்கப்புறம்தான் போனைத் தேடறார்.

உங்க வீட்டு மெஷின்ல 1810 வருதான்னு பார்த்துச் சொல்லுங்க மக்கா.