‘ஒத்து வராது’ என்பவர்களுக்கு

ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து அது படிப்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஒரே இடத்தில் தடுமாறும் நாலைந்து பேரைச் சேர்த்துச் சிறு குழுவாகப் படிக்க வைக்க வேண்டும். 2022 ஜூனில் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியதிலிருந்து தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் எதிர்பார்க்கப்படுவதன் சாரம் இதுதான். ராணிப்பேட்டை மாவட்டத்தில் நெமிலி, காவேரிப்பாக்கம், அரக்கோணம் என்று எந்தப் பக்கம் போய்ப் பேசினாலும் ஒரே பதில் வருகிறது: “கேக்க நல்லாத்தான் இருக்கு சார், நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஒத்து வராது.” சலிப்பில் சொல்வது என்று தள்ளிவிட முடியாது. காரணங்களையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

முதலில் நேரம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்; இதில் தனித்தனியாக எங்கே கேட்பது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 பிள்ளைகள் உள்ள ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பங்குக்கு 20 பேர். ஒரு பிள்ளைக்கு 5 நிமிடம், நாளைக்கு 4 பேர் என்றால் 20 நிமிடத்தில் வேலை முடிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் 30 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் வைத்தாலும் அரை மணி நேரம்தான். அந்த அரை மணியை எமிஸ் என்னும் இணையப் பதிவு வேலை தின்றுவிடுகிறது. வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, செயலியில் மதிப்பீடு, நடுவில் சுற்றிக்கொண்டே நிற்கும் நெட்வொர்க். நேரம் இல்லை என்று ஆசிரியர் சொல்வது பொய்யில்லை. ஆனால் புகாரைப் போட வேண்டிய இடம் வேறு. பதிவு வேலையைக் குறையுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கோரிக்கைக்கு இந்த அரை மணி நேரத்தை விட நல்ல வாதம் கிடைக்காது.

அடுத்து, “ஒருத்தனைக் கேட்டா மத்தவன் கூரையைப் பிச்சுடுவான்.” இதற்கான பதில் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலேயே கிடக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலுக்கு ரிஷிவேலிப் பள்ளியின் முறைதான் மூலம். ஆசிரியரின் முழு உதவியோடு கற்பவர்கள், கொஞ்சம் உதவி போதும் என்பவர்கள், கூட்டாளியோடு கற்பவர்கள், தானாகக் கற்பவர்கள் என்று பிள்ளைகள் பாயில் பிரிந்து உட்கார்ந்தார்கள். அந்தத் திட்டத்தில் குறைகள் இருந்தன. பாட அட்டைகள் தொலைந்தன, கற்றல் ஏணிப்படியில் பிள்ளை ஏறினால் போதும், படித்ததா என்பது அப்புறம் என்ற போக்கும் வந்தது. இருந்தாலும், வாத்தியார் முகத்தைப் பார்க்காமலேயே பிள்ளைகள் வேலை செய்வார்கள் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. சுவரின் அடியில் பிள்ளை உயரத்துக்கு அடித்த கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்றும் இருக்கின்றன. அரசின் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறு நூல்களும் வந்திருக்கின்றன. இரண்டு பேருக்கு ஒரு நூல் கொடுத்தால் 20 நிமிடம் ஓடிவிடும். ‘டீச்சர் பாயில் இருக்கும்போது கூப்பிடக் கூடாது’ என்ற பழக்கம் படிய இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை சத்தம் இருக்கும், இருக்கட்டும். பார்வைக்கு வரும் அதிகாரி அந்தச் சத்தத்தைக் குறையாக எழுதாமல் இருந்தாலே பாதி உதவி.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. “எல்லாரும் சேர்ந்து படிக்கிறப்போ நல்லாத்தான் படிக்கிறாங்களே, தனியா வேற எதுக்கு?” சேர்ந்து படிக்கும்போது முன்வரிசை நாலு பேர் படிக்கிறார்கள், மற்றவர்கள் ராகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பக்கம் புரட்டுவதைக்கூடச் சரியான இடத்தில் செய்வார்கள். தனியாக உட்கார வைத்து, படத்தைக் கையால் மூடிவிட்டுக் கேளுங்கள். படம் தெரிந்தவரை ‘கோழி’ என்று படித்த பிள்ளை, அங்கே அச்சில் இருப்பது ‘சேவல்’ என்பதைப் பார்த்ததே இல்லை. இன்னொரு பிள்ளை ‘கொடி’யை ‘கெரடி’ என்று படிக்கும். கொம்பையும் காலையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் முதலில் ‘கெ’ என்கிறது. தனியே நிற்கும் காலை ‘ர’ என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளை ‘பொரி’யில் தடுக்கும், ‘தொட்டி’யில் தடுக்கும். ‘மரம்’ என்று வந்தால் கடகடவென்று போகும். இப்படித் தடுக்குகிற நாலு பேரை மறுநாள் ஒன்றாக உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் பாதி சரியாகும். கூட்டத்தில் இது வருடம் முழுக்கக் காதில் விழாது. 2022-ல் ஏசர் கல்வி ஆய்வு, தமிழகக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்பில் 4.8 விழுக்காடு பிள்ளைகளுக்குத்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிகிறது என்றது. கொரோனா விடுமுறையை அதில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆய்வு உண்மையைக் கண்டது ஒரே ஒரு தாளை நீட்டி ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் படிக்கச் சொன்னதால்தான்.

தனியாகக் கேட்பதும் குழுவாகப் பிரிப்பதும் வெளிநாட்டுச் சரக்கு என்பாரும் உண்டு. 1780-களின் கடைசியில் எழும்பூர் அனாதை ஆசிரமப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் தம் பள்ளியை மாற்றினார். அப்படி அங்கே உருவான, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாடு ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்கே போயிற்று. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கு அதில் பங்கில்லை என்று யார் சொல்வார்கள்?

குழுவாகப் பிரித்தால் பிள்ளை மனம் நோகும் என்பதில் உண்மை இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தாலும், எது கடைசி என்பது பிள்ளைக்கு முதல் நாளே தெரியும். அதனால் ஆளை நிலைப்படி பிரிக்காமல் தடுக்குகிற இடப்படி பிரிக்கலாம். கொம்புக்கால் குழு இந்த வாரம் கலைந்துவிடும், அடுத்த வாரம் வேறு நாலு பேர்.

அலுவலகப் பக்கத்திலிருந்து வரும் வாதம் வேறு: “பயிற்சிதான் கொடுத்தாச்சே.” கொடுத்தார்கள். மாநிலத்தில் கேட்டவர் மாவட்டத்தில் சொல்ல, மாவட்டத்தில் கேட்டவர் வட்டார வள மையத்தில் சொல்ல, நெமிலிக்கு வரும்போது திரையில் ஓடும் படங்கள்தான் மிச்சம். ஆசிரியர் பயிற்றுநர் வாரம் ஒரு மணி நேரம் வகுப்புக்கு வந்து மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அல்லது தானே பாயில் உட்கார்ந்து நாலு பிள்ளைகளைக் கேட்டுக் காட்டட்டும். குறுவள மையக் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் வாசிப்பைப் பதிவு செய்து போட்டு, எங்கே தடுக்குகிறது என்று எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிக்கட்டும். சுற்றறிக்கை கொண்டு இதைச் செய்ய முடியாது.

கடைசியாக, பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை என்பது. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கம்பெனி, ஷூ கம்பெனி வேனுக்கு விடியற்காலையில் ரோட்டில் நிற்கிற அம்மாக்கள், பொழுது சாய்ந்துதான் வீடு வருகிறார்கள். வேலைநாள் பிற்பகலில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டிவிட்டு, வரவில்லை என்று எழுதினால் எப்படி? அதற்குப் பதில், பிள்ளை படித்த ஒரு நிமிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அம்மாவுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை, தன் பிள்ளை குரல் தெரிந்தால் போதும். ஜூன் மாதப் பதிவையும் செப்டம்பர் மாதப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டால் ஆசிரியருக்கும் அதுவே ஆதாரம். அதைப் பதிவேற்ற எமிஸில் ஒரு புதுக் கட்டம் மட்டும் திறந்துவிட வேண்டாம்.