தெளிந்த தண்ணீரும் தூய தண்ணீரும்

தமிழ்ச் சங்கத்துக்கு வந்து போகும் அன்பர்கள் எல்லோருக்கும் அல்சூர் ஏரியைத் தெரியும். 2016 மார்ச்சில் அங்கே ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. இப்படி நேர்ந்தால் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். விஷமே தேவையில்லை. சாக்கடை நீர் ஏரியில் சேர்ந்தால், அதிலுள்ள அழுக்கைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது.

ஏரித் தண்ணீரை நாம் குடிப்பதில்லையே என்று கேட்கலாம். ஆனால் அதே சாக்கடையின் பக்கத்தில்தான் நம் குடிநீர்க் குழாயும் போகிறது. காவிரி நீர் டி.கே. ஹள்ளியில் சுத்தமாகி, குளோரின் சேர்ந்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஏறி வருகிறது. விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊரில், குழாய் காலியாகும் நேரத்தில் வெளியிலுள்ள கழிவு, கசிவு வழியே உள்ளே இழுக்கப்படும். பிறகு அது நம் வீட்டுச் சம்பில் தேங்குகிறது. பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும்.

1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டியதில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததென 2003-ல் ஓர் ஆய்வு காட்டியது. கிருமி ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் துணியில் தங்கிவிடுவதே காரணம். நம் பாட்டிமார் குடத்து வாயில் வேட்டித் துணி கட்டியது வீண் வழக்கமல்ல. ஆனால் மஞ்சள் காமாலைக் கிருமியைத் துணி தடுக்காது. அதற்குக் கொதிக்க வைப்பதே வழி.

வீட்டுக்கு வீடு சுத்திகரிப்புக் கருவி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்பதை நான் ஏற்கவில்லை. வசதியுள்ளவர் கருவிக்குப் போய்விட்டால், குழாயைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் குழந்தை அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைப் பார்க்கும் சோதனைப் பெட்டி விலை அதிகமில்லை. தெருவுக்கு ஒருவர் வாரம் ஒருமுறை சோதித்து எழுதி வைக்கட்டும். குறைந்தால் குடிநீர் வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுப்போம். ஆண்டுக்கு இருமுறை சம்பைக் கழுவுவோம். வாய்ப்பேச்சைத் தட்டிக் கழிக்கலாம். தேதியிட்ட கணக்கைத் தட்டிக் கழிப்பது கடினம்.