ரைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது

சென்ற மாரியில் ஒருநாள், முன்னறைச் சுவரோரம் நின்ற பழைய மர அலுமாரியைத் திறந்தேன். உள்ளே கறையான் புற்றுக் கட்டியிருந்தது. அதில் இருந்தவை நகைகளோ காணி உறுதிகளோ அல்ல. பத்திரிகைத் தொழிலில் நான் வெட்டிச் சேர்த்து வந்த செய்தி நறுக்குகள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான் கட்டிச் சென்ற கட்டுகள் அவை. மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவார். அந்த இரவுக்குத் தப்பிய காகிதம் எங்கள் குளியலறைக்குத் தப்பவில்லை.

அலுமாரி நின்ற சுவரின் மறுபுறத்தில்தான், கனடாவிலுள்ள பெறாமகன் அனுப்பிய பணத்தில் ஈராண்டுகளுக்கு முன் புதுப்பித்த குளியலறை இருக்கிறது. தரையிலும் சுவரிலும் பளபளவென்று ரைல்ஸ். (தமிழகத்தார் டைல்ஸ் என்பதைத்தான் நாங்கள் ரைல்ஸ் என்கிறோம்.) ஒரு மூலையில் ஷவர். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். ஓராண்டு கழியுமுன்னரே இந்தப் பக்கச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது, சுண்ணாம்பு உதிர்ந்தது. மாரிக்குளிர் என்று எண்ணி இருமுறை வர்ணம் பூசினேன். நிலத்தடிக் கறையான் வாழ ஈரம் வேண்டும். அந்த ஈரத்தை நான் நாள்தோறும் காலையில் குளித்து வழங்கிக்கொண்டிருந்தேன்.

வேலை செய்த மேசனை அழைத்தேன். நேர்மையான மனிதர், அவர் பதித்த ரைல்ஸில் ஒரு கோடு பிசகியிராது. "ஐயா, முழுக்க ரைல்ஸ் ஒட்டிப்போட்டம். பிறகு தண்ணி எங்காலை போறது?" என்று உண்மையான வியப்புடன் கேட்டார். அன்றிரவு தொலைபேசியில் பெறாமகனின் கேள்வி வேறாக இருந்தது: "சித்தப்பா, ரைல்ஸுக்குக் கீழ மெம்பிரேன் அடிச்சவையோ?" அப்படியொன்று உண்டென்பதையே நான் அன்றுதான் அறிந்தேன்.

ரைல்ஸ் என்பது தேய்மானத்தையும் அழுக்கையும் தாங்கும் மேற்பரப்பு, அவ்வளவுதான். நீரைத் தடுக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. இரண்டு ரைல்ஸுக்கு இடையிலுள்ள இடுக்கை நிரப்பும் பூச்சு பெரும்பாலும் சீமெந்துதான்; அதிலுள்ள நுண்துளைகளூடாக ஒவ்வொரு குளியலிலும் சிறிதளவு நீர் கீழே இறங்கும். இறங்கிய நீர் கீழுள்ள சாந்தில் கடற்பஞ்சில் தங்குவதுபோலத் தங்கிவிடும். அது காயுமுன் மறுநாள் குளியல் வந்துவிடும். பிறகு சுவரில் ஏறத் தொடங்கும். எங்கள் பழைய வீடுகளின் சுவர்கள் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அவை ஈரத்தை உறிஞ்சும். ஷவரடித் தரையை உடைத்துப் பார்த்தபோது மேலே ஒரு வெடிப்புமில்லை. அடிச்சாந்து மட்டும் சேறாகக் கிடந்தது.

மேசனைக் கடிந்து பயனில்லை என்பது என் கருத்து. நீர் புகாத அறையைக் கட்டும் தேவை யாழ்ப்பாணத்தில் எப்போது இருந்தது? நாங்கள் கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்கள். துலாவில் அள்ளி வார்த்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் ஓடியது. குளியல் வீட்டுக்கு வெளியே இருந்ததால் வீட்டுச் சுவர் அந்த ஈரத்தை அறிந்ததில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குச் சீமெந்து வருவது தடைசெய்யப்பட்டது. ஒரு தலைமுறை மேசன்மார் களிமண்ணையும் சுண்ணாம்பையும் இடிபாட்டுக் கற்களையும் வைத்துத் தொழில் பழகினார்கள். 2009 இன் பின் பாதை திறந்து, வெளிநாட்டுப் பணமும் ரைல்ஸும் ஒருசேர வந்திறங்கின. குளியலறை வீட்டுக்குள் வந்துவிட்டது. அதற்குரிய தொழில்நுட்பம் கூட வரவில்லை. நாமும் கூலியை ரைல்ஸின் சதுர அடிக்குத்தான் பேசுகிறோம். அதன் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

கீழே இருக்க வேண்டியது மெல்லிய நீர்த்தடுப்புப் படலம். சீமெந்துத் தூளையும் பொலிமர்த் திரவத்தையும் கலந்து, முதற்பூச்சுக் காய்ந்தபின் அதற்குக் குறுக்காக இரண்டாவது பூச்சு. வெறும் சீமெந்துப் பாலை ஊற்றிவிடுவதும், சாந்தில் நீர்த்தடுப்புத் தூள் கலப்பதும் எங்கள் ஊர் வழக்கம். கட்டடம் சற்று அசைந்தாலே அவை வெடித்துவிடும். பொலிமர் கலந்த படலம் சிறிது வளைந்து கொடுக்கும். சுவரும் தரையும் சந்திக்கும் மூலையில் வலைப்பட்டி வைத்துப் பூச வேண்டும். கசிவு பெரும்பாலும் தொடங்குவது அந்த மூலையிலும், குழாய் சுவரைத் துளைத்து வெளிவரும் இடத்திலும், நீர் இறங்கும் துவாரத்தின் விளிம்பிலுமே. படலம் சுவரிலும் ஏற வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 3740 என்ற தரவிதி, ஷவர்ச் சுவரில் 1800 மில்லிமீற்றர் உயரம் வரை அதைக் கேட்கிறது. அந்நாட்டின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில் இது அனுமதிப்பத்திரம் தேவைப்படும் தனித்தொழில். சிட்னியிலிருந்து இங்கு வீடு கட்டுவிக்கும் அன்பர்கள், அங்கே தாம் கோருவதை இங்கேயும் கோரினால் என்ன?

அதைவிட முக்கியமானதும் செலவே இல்லாததும் பரிசோதனை. படலம் காய்ந்தபின், ரைல்ஸ் பதிக்குமுன், துவாரத்தை அடைத்துத் தரையில் நீரை நிரப்பி 24 மணிநேரம் விடவேண்டும். ஒருநாள் கூலி வீணென்று எங்கள் ஊரில் இதைச் செய்வதில்லை. இந்தப் பரிசோதனை முடிந்த பின்னரே ரைல்ஸுக்கான பணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தரையை உடைத்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கசியாமல் ஒழுங்காகப் போன நீர் எங்கே போயிற்று? மலசலகூடக் குழிக்கு. அந்தக் குழிக்கு அடித்தளமே கிடையாது. கீழே சுண்ணக்கல், நாற்பது அடி தள்ளிக் குடிநீர்க் கிணறு. குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டுமே ஓடும். எஞ்சியிருப்பது சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் உவர்நீருக்கு மேலே மிதக்கும் நன்னீர்தான். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது யாவரும் அறிந்தது. மண் ஆழமாக உள்ள நாட்டில் ஐம்பது அடி இடைவெளி அழுக்கை வடிகட்டும். வெடித்த சுண்ணக்கல்லில் அந்தக் கணக்குச் செல்லாது.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது நாமெல்லாம் கொதித்தெழுந்தோம்; நானும் எழுதினேன். 2019 இல் உச்ச நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. எண்ணெய்க்கு நாற்றமுண்டு. நைத்திரேற்றுக்கு நாற்றமும் நிறமும் இல்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை வலிகாமத்துக் கிணறுகள் பல தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அளவு மிஞ்சினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலை இழக்கும். தோட்டத்து உரம் ஒரு காரணம். நம் வீட்டுக் குழிகள் இன்னொன்று. 2024 ஓகஸ்ட்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாயில் நீர் தாராளமாக வர வர, குழிக்குப் போவதும் கூடும்.

ஆகவே இம்முறை இரண்டு வேலை செய்வித்தேன். மலத்தொட்டியை அடித்தளத்துடன் நாற்புறமும் நீர் கசியாதபடி கட்டி, உள்ளேயும் அதே படலத்தைப் பூசினோம். அதிலிருந்து வழியும் நீருக்குக் கிணற்றுக்கு எதிர்ப்புறமாக ஆழமற்ற மணல் வாய்க்கால். குளிக்கும் நீரைத் தனிக்குழாயில் பிரித்து வாழைப்பாத்திக்கு விட்டோம். ரைல்ஸுக்கென ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி இதற்கே போயிற்று. மலிவான ரைல்ஸைத்தான் வாங்க முடிந்தது. பெறாமகனுக்கு அதில் சிறிது வருத்தம்.

மாலை ஐந்து மணிக்குத் துவாரத்தை அடைத்து, இரண்டு அங்குல நீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு கிழித்தேன். காலையில் மேசன் வந்து குனிந்து பார்த்தார். நீர் கோட்டிலேயே நின்றது. "ஐயா, பதிக்கத் தொடங்குவமோ?" என்றார். மாலைவரை பொறுக்கச் சொல்லிவிட்டு, தப்பிய நறுக்குகளை முற்றத்தில் பாய் விரித்து வெயிலில் காயவைத்தேன். அவரும் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்.