வாப்பா பிழையான சொல்லா?



தவணைப் பரீட்சை முடிந்து கட்டுரை திருத்தும் நாட்கள் இவை. சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்க்கும் ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு கவலை இருக்கிறது.

"வெள்ளிக்கிழமை வாப்பா பள்ளிக்குப் போனார்" என்று பிள்ளை எழுதுகிறது. வாப்பாவை வெட்டித் தந்தை என்று போடுகிறார்கள். பள்ளியைப் பாடசாலை ஆக்கிவிடுகிறார்கள். ஜும்ஆவுக்குப் போன மனிதர் பாடசாலையில் போய் நிற்கிறார்! "காக்கா சைக்கிளில் வந்தார்" என்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எங்களுக்குக் காக்கா மூத்த சகோதரன். பறப்பது காகம்.

திருத்துகிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை, அதில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத சொல் பிழை என்ற பழக்கம்தான் காரணம்.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். கோணேசர் கோயிலை 1622இல் இடித்து, அந்தக் கல்லில் கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கேயர். கதிரை, சப்பாத்து, மேசை, பாண், துவாய் எல்லாம் அவர்களுடைய மொழியிலிருந்து வந்தவை. கந்தோர் ஒல்லாந்தருடையது. இவற்றை யாரும் சிவப்பு மையால் வெட்டுவதில்லை. வீட்டில் தினமும் கூப்பிடும் வாப்பாவும் உம்மாவும் மட்டும் பிழையாகிப் போவது என்ன நியாயம்?

இன்னொன்று. வட இந்திய முஸ்லிம்கள் நமாஸ், ரோஸா என்று பாரசீகச் சொல் சொல்வார்கள். நாங்கள் சொல்வது தொழுகை, நோன்பு, பெருநாள். பள்ளி என்பதும் ஒரு காலத்தில் சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்குப் பெயர், பிறகு பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் நாங்கள் தொழும் இடத்துக்கும் ஆனது. எங்கள் வீட்டு ஆணம் பழைய தமிழ் அகராதிகளில் குழம்பு என்ற பொருளோடு கிடக்கிறது. அதைக் கொச்சை என்று வெட்டுகிறவர் நல்ல தமிழைத்தான் வெட்டுகிறார்.

ஒரு சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுவதும் புதினமில்லை. கச்சான் சந்தையில் கடலை, கரைவலை இழுப்பவருக்குக் காற்று. சல்லி எங்களுக்கு ஊர், கடையில் காசு, கட்டடம் கட்டுபவருக்கு உடைத்த கல். பிலிப்பீன்ஸில் 'லங்கம்' என்றால் செபு மக்களுக்குப் பறவை, மணிலாக்காரருக்கு எறும்பு. ஹிலிகய்னோன் பேசும் இலோயிலோ மக்களுக்குப் பறவை 'பிஸ்பிஸ்'. வெளிநாட்டில் அவர்களோடு வேலை செய்த எங்கள் சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள்.

எழுத்துப் பிழையைத் திருத்தத்தான் வேண்டும். புலமைப்பரிசில் எழுதப்போகும் பிள்ளைக்குத் தந்தை, தமையன் என்ற சொற்களும் தெரிந்திருக்க வேண்டும், அதிலும் சந்தேகமில்லை. அவற்றைப் பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாமே, வெட்டத் தேவையில்லை. வெட்டுப்பட்ட பிள்ளை அடுத்த முறை வீட்டைப் பற்றி எழுதாது. "எனது தந்தை நல்லவர்" என்று நாலு வரியோடு பேனையை மூடிவிடும். உம்மா கடற்கரையில் மீன் வாங்கியதும் காக்கா வள்ளத்தில் ஏற்றியதும் கொப்பிக்கு வராமலே போய்விடும்.

பெற்றோரே, இந்தக் கிழமை பிள்ளையின் தமிழ்க் கொப்பியை ஒருக்காத் திறந்து பாருங்கள். வீட்டுச் சொல் வெட்டப்பட்டிருந்தால் சண்டை வேண்டாம். வகுப்பாசிரியரிடம் போய் அமைதியாகக் கதையுங்கள்.