ஞாயிறு காலை தெருவுக்கு வாருங்கள், விளையாட!

சென்னையில் குடியிருக்கும் பெரியவர்களே,

நகரின் வெவ்வேறு தெருக்களில் வசிக்கும் நாங்கள் சிலர் கூடிப் பேசி இந்த வேண்டுகோளை வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை 6 முதல் 8 மணி வரை உங்கள் தெருவில் இறங்கி விளையாடுங்கள். பிள்ளைகளை ஆட விட்டுவிட்டு ஓரமாக நின்று செல்போனைப் பார்ப்பது கணக்கில் சேராது. நீங்களே ஆட வேண்டும்.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாட்டைக் குழந்தைகளின் உரிமை என்கிறது. உரிமைக்கு 18 வயது எல்லை. ஆசைக்கு எல்லை கிடையாது. நம்மைத் தடுப்பவை இரண்டு: தெருவை அடைத்து நிற்கும் வண்டிகள், ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’ என்று நாலு பேர் கேட்பார்களோ என்ற கூச்சம்.

வண்டிகளுக்கு வழி உண்டு. கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1974-இல் தொடங்கிய வழக்கப்படி, ஞாயிறுதோறும் 100 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளைக் கார்கள் இல்லாமல் மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். நாம் கேட்பது ஒரு குறுக்குத் தெரு, இரண்டு மணி நேரம். காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். முந்தின இரவே வண்டிகளை வேறிடத்தில் நிறுத்துங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் வழிவிடத் தெருமுனையில் ஓர் ஆள் இருக்கட்டும்.

கூச்சம் முதல் ஆட்டம் வரைதான். சாக்கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டு, சில்லை நெற்றியில் வைத்து, அண்ணாந்தபடி “ரைட்டா?” என்று கேட்டு நடந்து பாருங்கள். கோட்டில் கால் பட்டதா இல்லையா என்று வங்கி மேலாளரும் இஸ்திரிக்காரரும் வாய்ச்சண்டை போடும் நேரத்தில், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது யார் நினைவிலும் இருக்காது. பத்து வயதில் நமக்கிருந்த சுதந்திரம் இதுதான்: காலணா லாபமில்லாத காரியத்தில் முழு மனசோடு இறங்குவது.

ஆகவே பரிசு வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். முட்டிவலிக்காரர்களுக்குத் தாயமும் பல்லாங்குழியும் இருக்கின்றன. கிட்டிப்புள் கண்ணைப் பதம் பார்க்கும். அதை மைதானத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். மூச்சு வாங்கினால் “அம்பேல்” சொல்லி உட்காரலாம், யாரும் கேலி செய்யக் கூடாது.

இந்த வாரமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “ஞாயித்துக்கிழமை ஆட வர்றீங்களா?” என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்தால் போதும், ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஆட்டத்துக்கு ஆள் தேடும் சென்னைவாசிகள்